மாளிகைமேட்டின் ஓடும் ஆணியும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மாளிகைமேடு. முதலாம் இராசேந்திரனும் அவனுக்குப் பின் வந்த சோழ மன்னர்களும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆட்சி நடத்திய தலைநகரின் அரண்மனை நின்ற இடம் இது. கோயில் கருங்கல்லால் ஆனது, இன்றும் நிற்கிறது. அரண்மனையோ செங்கல்லும் மரமும். செங்கற்களை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

அதனால்தான் இங்கே அகழாய்வில் கிடைத்த இந்தக் கூரை ஓடு அத்தனை அருமையானது. உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான துண்டுதான். ஆனால் மண்ணை நன்றாகச் சலித்துப் பிசைந்து, பதமாகச் சுட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே துருவேறிய இரும்பு ஆணிகள். மேலே மரச்சட்டங்களில் ஓடு வேய்ந்த தச்சரின் வேலை இவற்றில் மிஞ்சியிருக்கிறது. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள் அகழாய்வுக் குழிகளில் அப்படியே இருக்கின்றன.

ஆள்புழங்கிய வீட்டின் தடயங்களும் உண்டு: கண்ணாடி வளையல் துண்டுகள், மணிகள், தந்தத்தில் கடைந்த சிறு பொருள்கள்.

சீனப் பீங்கான் ஓடுகளையும் பாருங்கள். 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் பதிந்துள்ளன. கடல் கடந்து நடந்த அந்த உறவின் காலத்தில், சீனத்துச் சூளையில் வெந்த கலங்கள் சோழர் அரண்மனையிலும் புழங்கின. வழவழப்பான அந்த மேற்பூச்சு, மண்ணுக்குள் இத்தனை காலம் கிடந்தும் பளபளப்பு குறையவில்லை.