தொழிலகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தானியங்கு முறையில் வலையமைப்பு முகவரி வழங்கல்

முன்னுரை

தொழிற்சாலைகளில் உள்ள உணரிகள், மோட்டார் இயக்கிகள் முதலியன இன்று ஈதர்நெட் வலையமைப்பின் வழியாகப் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டகத்துடன் தொடர்பு கொள்கின்றன. இதற்கு ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி தேவை. அலுவலகக் கணினிகளுக்கு முகவரி வழங்கும் தானியங்கு முறை தொழிலகத்திற்கு அப்படியே பொருந்தாது. அதன் காரணத்தையும் மாற்று வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அலுவலக முறையும் அதன் எல்லையும்

1985இல் வெளியான பூட்பி நெறிமுறையை அடியொற்றி 1993இல் டி.எச்.சி.பி. வரையறுக்கப்பட்டது. இம்முறையில், முகவரியற்ற கருவி வலையமைப்பு முழுவதற்கும் வேண்டுகோள் அனுப்புகிறது. வழங்கி தன் தொகுப்பிலுள்ள ஒரு முகவரியைக் குறித்த காலத்திற்கு அளிக்கிறது. நாளை வேறு முகவரி கிடைத்தாலும் அலுவலகக் கணினிக்கு இடையூறில்லை. ஏனெனில் பெரும்பாலும் அதுவே பிறவற்றைத் தேடிச் செல்கிறது.

தொழிலகத்தில் நிலைமை நேர்மாறானது. கட்டுப்பாட்டகமே கருவியைத் தேடுகிறது. தேடவேண்டிய முகவரி அதன் அமைவிலேயே பதிந்துள்ளது. ஒரே வகையைச் சேர்ந்த இரு மோட்டார் இயக்கிகளின் முகவரிகள் இடம் மாறினால், ஒன்றுக்கான கட்டளை மற்றொன்றை இயக்கும். வகை ஒன்றே என்பதால் கட்டுப்பாட்டகம் பிழையை உணராமலும் போகலாம். அருகில் பணிபுரிபவருக்கு அது உயிராபத்தாகும்.

மேக் முகவரிவழி ஒதுக்கீடு

ஒவ்வொரு கருவியிலும் பதிக்கப்பட்ட 48 பிட் மேக் முகவரிக்கு நிலையான ஐ.பி. முகவரி ஒன்றை ஒதுக்கலாம். ஆயினும் பழுதான கருவிக்குப் பதிலாகப் புதியது பொருத்தப்படும்போது மேக் முகவரியும் மாறுகிறது. வழங்கியின் அட்டவணையைத் திருத்தும் வரை உற்பத்தி நிற்கும். நள்ளிரவுப் பணிமுறையில் உள்ள மின்பணியாளரிடம் அதற்கான மென்பொருளோ அனுமதியோ இல்லாதிருக்கலாம்.

இடவழி ஒதுக்கீடு

இங்கு முகவரி கருவிக்கன்று, அது பணிபுரியும் இடத்திற்கே உரியது என்பது தெளிவாகிறது. 2001இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3046 வரையறுத்த ‘விருப்பத்தேர்வு 82’ இதற்கு உதவுகிறது. கருவியின் வேண்டுகோளை இடைநின்று அனுப்பும் சுவிட்ச், அது எந்தத் துளையிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் சேர்க்கிறது. வழங்கி அத்துளைக்குரிய முகவரியை அளிக்கிறது. எனவே புதிய கருவியை அதே துளையில் இணைத்தாலே போதும். எனினும் ஒரு துளையில் ஒரு கருவி மட்டுமே இருத்தல் வேண்டும்.

புரோஃபிநெட் முறை வேறு வழியில் இதே பயனை எய்துகிறது. அதில் கருவிகள் பெயரால் அறியப்படுகின்றன. அருகிலுள்ள கருவிகள் தம் அண்டைத் தொடர்பை எல்.எல்.டி.பி. நெறிமுறையால் அறிவிக்கின்றன. கட்டுப்பாட்டகம் அதனைத் தன்னிடமுள்ள இணைப்பு வரைபடத்துடன் ஒப்பிட்டு, பெயரற்ற புதிய கருவிக்குப் பழையதன் பெயரையும் முகவரியையும் டி.சி.பி. நெறிமுறை வழியாக அளிக்கிறது.

முடிவுரை

இடவழி ஒதுக்கீடு மனிதப் பொறுப்பை நீக்குவதில்லை. எண்ணைத் தட்டெழுதும் கையிலிருந்து கம்பியைச் செருகும் கைக்கு மாற்றுகிறது. தவறான துளையில் செருகப்பட்ட கருவி, தவறான முகவரியை முறைப்படியே பெற்றுவிடும். ஆகவே துளைக்கும் கம்பிக்கும் அடையாளச் சீட்டு இடுதலும், இணைப்புப் பெட்டியைப் பூட்டி வைத்தலும், மாற்றிய கருவியைப் பாதுகாப்பான நிலையில் இயக்கிச் சரிபார்த்தலும் இன்றியமையாதன. முகவரி கிடைத்துவிட்டது என்பது உரிய மோட்டார்தான் சுழலும் என்பதற்குச் சான்றாகாது.