பெண்ணுக்கு முன்னே வீடு சேரும் படம்

கஞ்சிக்கோட்டுப் பக்கம் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி இல்லாவிட்டால் உற்சவம் களைகட்டாது. மலையாளப் பாட்டு இரண்டு போனால் தமிழ்க் குத்துப்பாட்டு ஒன்று வந்தாக வேண்டும், கேரள, தமிழக எல்லையோர ஊரல்லவா! மேடைக்கு நேர் முன்னால் இளவட்டங்கள், ஓரமாகப் பெண்கள். நாலு பாட்டு போவதற்குள் அந்த ஓரமும் எழுந்துவிடும். ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாத்தனார் ஆட, அவள் செருப்பையும் போனையும் பிடித்துக்கொண்டு அண்ணி சிரிப்பார்.

கேமராக்காரர்கள் காத்திருப்பதும் இதற்குத்தான். ஆனால் படத்தில் அண்ணி இருக்க மாட்டார். ஆடுகிறவள் முகத்தை மட்டும் ஜூம் செய்து எடுத்து, ரீல்ஸாக்கிவிடுவார்கள். கானமேளா முடிவதற்குள் அது ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளைச் சுற்றி அப்பாவின் போனுக்கு வந்துவிடும். அவள் வாசலில் கால் வைக்கும்போது விசாரணை தயாராக இருக்கும். அடுத்த வருஷம் அவளை அனுப்புவார்களா?

ரசிகையைத் தனியே பிரித்துக் காட்டுவது இன்று தொடங்கியதல்ல. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸைக் கேட்கச் சுமார் 55,600 பேர் கூடினார்கள். நினைவில் நின்றவையோ அலறி அழும் பெண் முகங்கள்தான். கூட்டமாய்ச் சேர்ந்த மகிழ்ச்சியை உலகம் கிறுக்கு என்று படித்தது.

இங்கேயோ கூட்டத்தில் பெண்கள் என்றால் பேச்சு நெரிசலோடு நின்றுவிடுகிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை ஈ.சி.ஆர். இசை நிகழ்ச்சியில் நெரிசலுக்கு நடுவே அத்துமீறல் நடந்ததாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 25இல் கொச்சி குசாட் பல்கலைக்கழக வளாகத்தில் இசை நிகழ்ச்சி நெரிசலில் 4 பேர் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகு தடுப்புக் கம்பி, வாசல், போலீஸ் என்று பேச்சு நீண்டது. கேமராவைப் பற்றிப் பேச ஆளில்லை.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும்தான் தண்டிக்கிறது. திறந்த மைதானத்தில் ஆடுகிறவளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்கிறார்கள் படக்காரர்கள். சரி, எடுத்த பிறகு காட்டிக் கேட்கலாமே. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் அண்ணியும் செருப்பும் சேர்ந்தே விழும். அதுதான் நல்ல படமும்கூட. காணாமல்போன குழந்தைக்கும் வழியை அடைத்து நிற்கும் பைக்குக்கும் மைக்கில் கூவுகிற உற்சவக் கமிட்டி, ‘கேட்காமல் பெண்கள் முகத்தை எடுக்காதீர்கள்’ என்றும் சேர்த்துச் சொல்லட்டும். காசா பணமா?