எட்டாண்டு வேலையும் எஞ்சிய ஆயுளும்

செல்போன் தொழிலைக் குறித்து நம் நாட்டில் பேசுவோர் பெரும்பாலும் வருங்காலத்தையே பேசுகின்றனர். எத்தனை கோடி முதல் வந்து சேரும், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும், எந்த வருஷத்தில் சீனாவை எட்டிப் பிடிப்போம் என்பனவே பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் அடிபடும் விஷயங்கள். இத்தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருபது வருஷத்துச் சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் தமது வாலிபத்தின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டிருக்கின்றனர். அவர்கள் அடைந்ததென்ன, இழந்ததென்ன என்று கணக்கெடுப்பார் மிகச் சிலரே. புதிய ஒப்பந்தங்கள் நாள்தோறும் கையொப்பமாகும் இக்காலத்தில் பழைய கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

அவ்வாறு பார்ப்பதற்கு ஆரம்பாக்கம் தகுந்த இடமாகும். கும்மிடிப்பூண்டித் தாலுகாவில், கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையும் ரயில் பாதையும் தமிழ்நாட்டை விட்டு ஆந்திரத்தில் பிரவேசிக்கும் எல்லையோரத்தில் அது இருக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வடக்கே எல்லையைத் தாண்டினால் தடா. அதற்கருகே 2008இல் தோன்றிய ஸ்ரீசிட்டி. இந்த எல்லைக்கோடு ஒரு தொழிலாளியின் வாழ்வில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் ஸ்ரீபெரும்புதூர்க் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி 2005இல் தமிழ்நாடு சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியை ஆரம்பித்தது. அக்காலத்தில் உலகில் அதைவிடப் பெரிய செல்போன் கம்பெனி வேறில்லை. 2008இல் உலகில் விற்ற செல்போன்களில் பத்துக்கு நான்கு அதனுடையவை. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை எல்லாம் ஒப்பந்தப்படி கிடைத்தன. பாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் முதலிய உதிரி உறுப்புக் கம்பெனிகளும் பின்தொடர்ந்து வந்து, அதே வளாகத்தில் ஆலைகள் அமைத்தன. பன்னிரண்டாம் வகுப்பும், டிப்ளமாவும் தேறிய பிள்ளைகளைப் பஸ்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஏற்றிக்கொண்டு வந்தன. அவர்களில் பெண்களே பெரும்பாலோர்.

அவ்வேலை அவர்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதை ஏளனமாகப் பேசுவது தகாது. அதுவரை வயல் வேலையையும் துணி ஆலையையும் தவிர வேறு வழியறியாத குடும்பங்களில், மகள் மாதாமாதம் பாங்கிக் கணக்கில் சம்பளம் வாங்கினாள். தம்பியின் படிப்பும் வீட்டின் கூரையும் அக்காளின் சம்பளத்தால் நிறைவேறின. கலியாணத்தைச் சில வருஷம் தள்ளிப்போடும் சுதந்திரமும் கிடைத்தது. மறுபுறத்தில், மூன்று ஷிப்டு வேலை. நின்றபடியே சிறு உறுப்புக்களைப் பொருத்துதல், திருகாணி முடுக்குதல், முடிந்த கருவியைச் சோதித்துப் பார்த்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையே நாள் முழுதும் செய்தாக வேண்டும். 2009, 2010 வருஷங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்த பின்னரே சம்பளம் சொல்லத்தக்க அளவு உயர்ந்தது. 2010இல் அவ்வாலையில் இளம்பெண் ஒருத்தி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அதே வருஷம் ஜூலையில் அருகிலிருந்த பாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறலும் மயக்கமும் கண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். நன்மையும் தீமையும் இவ்வாறு கலந்தே நடந்தன.

வீழ்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது. 2007இல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி ஐபோனை வெளியிட்டது. அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு போன்கள் கடைக்கு வந்தன. பொத்தான் போனில் உலகை ஆண்ட நோக்கியா, தொடுதிரைப் போனில் பின்தங்கியது. 2013 செப்டம்பரில் தன் போன் வியாபாரத்தையே மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு விற்க இசைந்தது. இதற்கிடையில் வருமானவரி இலாகா 2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் சோதனை நடத்திப் பெருந்தொகையை வரிப் பாக்கியாகக் கேட்டது. மாநில சர்க்காரும் விற்பனை வரி கேட்டது. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டுமென்ற நிபந்தனையை எதிர்த்து நோக்கியா செய்த அப்பீலை 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலை மைக்ரோசாப்டுக்குப் போகாமல் நின்றது. சொந்தமாகச் செய்ய போன் இல்லாத ஒரு போன் ஆலை எத்தனை நாள் ஓடும்? 2014 நவம்பர் 1ஆம் தேதி அது மூடப்பட்டது.

வரி கேட்டது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. சட்டப்படி உள்ள வரியை எந்தச் சர்க்காரும் கேட்டே தீரும். ஆனால் அந்த வருமானவரி வழக்கு, இந்தியா, பின்லாந்து ஆகிய இரு தேசத்துச் சர்க்கார்களும் பேசி, 2018இல் சமாதானமாக முடிந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சர்க்காருக்கும் கம்பெனிக்கும் காத்திருக்கச் சக்தி இருந்தது. தொழிலாளிக்கு மட்டும் அது இல்லை. 2014 கோடையிலேயே ஏறத்தாழ 5,000 பேர் 'விருப்ப ஓய்வு' என்ற பெயரால் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். முப்பது வயதும் நிரம்பாதவர்களில் பெரும்பாலோர் அடைந்த அந்த ஓய்வில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது எல்லைக்கோட்டின் விஷயத்திற்கு வருவோம். நோக்கியாவை நம்பியிருந்த பாக்ஸ்கான் 2014 டிசம்பரில் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை நிறுத்தியது. எட்டே மாதத்தில், 2015 ஆகஸ்டில், அதே பாக்ஸ்கான் ஆரம்பாக்கத்திற்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் ஷியோமி கம்பெனிக்குப் போன் செய்யத் தொடங்கியது. வேலை அற்றுப்போகவில்லை, அது இடம் மாறியது. ஆனால் வேலையோடு சேர்ந்து பழைய தொழிலாளியின் சர்வீஸ் வருஷங்கள் எல்லையைத் தாண்டவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எட்டு வருஷம் கைப்பழக்கம் பெற்றவளும், நேற்றுப் பள்ளியை விட்டு வந்தவளும் ஸ்ரீசிட்டியின் வாசலில் சமமே. வயது கூடியவள் என்பதால், பழகியவளுக்கே இடம் குறைவு.

ஆலைக் கட்டிடத்திற்கு நேர்ந்த கதி இதைவிட மேலானது. 2019இல் சால்காம்ப் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அங்கே இப்பொழுது சார்ஜர்கள் உற்பத்தியாகின்றன. பாக்ஸ்கானும் ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பி வந்து ஐபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் உணவு கெட்டுப் பல பெண்கள் நோயுற, தோழிகள் பெங்களூர்ச் சாலையை மறித்தனரே, அவர்கள் இவ்வாறு வந்த இரண்டாம் தலைமுறையினர். அதன் பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைச் சர்க்கார் திறந்தது. இது போற்றத்தக்க காரியமே. ஆயினும் விடுதி என்பது வேலை உள்ளவரைக்கும் தங்குமிடம். வேலை போன மறுநாள் என்ன என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

சட்டத்தில் விடையுண்டா? 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், ஆலை மூடப்பட்டால் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்திற்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு என்றது. ஆட்குறைப்புக்கும் அதே அளவுதான். அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளி புதுத் தொழில் பயில, முதலாளி மேலும் பதினைந்து நாள் சம்பளத்தைத் தனி நிதியில் செலுத்த வேண்டுமென்கிறது. படிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'ஆட்குறைப்பு' என்ற சொல்லுக்குச் சட்டம் கூறும் பொருளை நோக்குங்கள். தானாக ஓய்வு பெற்றவர் அதில் சேரார். குறித்த தவணைக்கு அமர்த்தப்பட்டு, தவணை முடிந்து நின்றவரும் சேரார். செல்போன் ஆலைகளை விட்டு மக்கள் பெரும்பாலும் வெளியேறும் வாசல்கள் எவை? இவ்விரண்டுமே. மேலும், ஆலையை மூடச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டுமென்ற விதி முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கே பொருந்தியது. இப்பொழுது 300 என உயர்த்தப்பட்டிருக்கிறது. சட்டம் முன்வாசலில் காவல் வைத்து, பக்கவாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இது உலக இயற்கை, தொழில் மாறும்போது மனிதர் நசுங்குவது தவிர்க்க முடியாதது என்று சிலர் வேதாந்தம் பேசுவர். அதே நோக்கியா 2008இல் ஜெர்மனியில் போகும் நகரத்து ஆலையை மூடிய கதையை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். அங்கே சுமார் 2,300 பேர் வேலையிழந்தனர். நகரமே தெருவில் திரண்டது. மாநில சர்க்கார் தான் கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டது. மந்திரி ஒருவர் தமது நோக்கியா போனையே துறந்தார். முடிவில் தொழிலாளர் நலத்திற்கென்று கம்பெனி 20 கோடி யூரோ ஒதுக்க இசைந்தது. ஆலை மீளவில்லை என்பது மெய்யே. அவ்வேலை ருமேனியாவுக்குச் சென்றது. அங்கும் 2011இல் மூடினர். தாய்நாடான பின்லாந்தின் சாலோ நகரத்திலும் 2012இல் உற்பத்தியை நிறுத்தினர். ஆலை போவதை எவரும் தடுக்க முடியாமல் இருக்கலாம். வெறுங்கையுடன் விட்டுப் போகாதபடி தடுக்கலாம் என்பதைப் போகும் காட்டிற்று. அங்கே தொழிற்சங்கமும், பொதுஜன அபிப்பிராயமும், சர்க்காரும் ஒரே குரலில் பேசியதே அதற்குக் காரணம்.

நிபந்தனை விதித்தால் கம்பெனிகள் எல்லையைத் தாண்டி ஓடிவிடும் என்ற பயம் நம் அதிகாரிகளிடையே பலமாக உண்டு. பயத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. எல்லைக்கு அப்பாலும் நிலமும் சலுகையும் காத்திருக்கின்றன. ஆனால் நோக்கியா போனது கூலி அதிகம் என்றா? சலுகை போதாதென்றா? இரண்டுமில்லை. சந்தை மாறிற்று, வழக்கு நின்றது, போயிற்று. சலுகையால் வந்த கம்பெனியைச் சலுகையால் நிறுத்தி வைக்க இயலாது என்பதே இந்த இருபது வருஷத்துப் பாடம். அப்படியாயின், வரும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டு வைப்பதல்லவா விவேகம்?

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, சர்க்கார் சலுகை பெறும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், தொழிலாளி ஒருவருக்கு வருஷம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கம்பெனி பொதுநிதியில் கட்டி வர வேண்டும். ஓய்வு, தவணை முடிவு, மூடல் என எப்பெயரால் அவர் வெளியேறினாலும் அது அவரைச் சேர வேண்டும். கம்பெனிக்குச் சேர வேண்டிய சலுகைத் தொகையை, இந்நிதி கட்டிய ரசீதைக் கண்ட பின்னரே கொடுக்க வேண்டும். இரண்டாவது, கற்ற வேலைக்கு அரசாங்க நற்சாட்சிப் பத்திரம் வழங்கி, அதே தொழிற்பேட்டையில் புதிதாக ஆள் எடுக்கும்போது, வயதைக் காரணம் காட்டாது, பழகியவருக்கு முதலிடம் தர வேண்டும். மூன்றாவது, தமிழ்நாடும் ஆந்திரமும் இவ்விரு நிபந்தனைகளிலும் ஒன்றையொன்று கீழிறக்குவதில்லை என்று தம்முள் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். ஆற்றுநீரைப் பற்றிப் பேச இரு ராஜ்யங்களுக்கும் இயலுமானால், வியர்வை நீரைப் பற்றிப் பேசவும் இயலும்.

2006இல் பதினெட்டு வயதில் பஸ் ஏறிய பெண்ணுக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. அவளுடைய மகள் இன்னும் சில வருஷத்தில் பள்ளி இறுதி வகுப்பை முடிப்பாள். ஒருநாள் விடியற்காலையில் பெருஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். அந்தப் பஸ் தெற்கே திரும்பினாலும் சரி, வடக்கே திரும்பினாலும் சரி, தாயாருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு அவளுக்கு இருக்க வேண்டும். ஆலைகளை அழைத்து வருவதில் நம் மந்திரிகள் காட்டும் ஊக்கத்தில் நாலில் ஒரு பங்கை இதிற் காட்டினால் போதும். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் இதைச் செய்வார்களென எதிர்பார்க்கிறோம்.