துளைக்குள்ளே ஒரு பட்டியல்!

மறைமலை நகர் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வாகன உதிரிபாகப் பட்டறைகள். அதில் ஒன்றின் மாடியறையில், டிராயிங் போடும் அண்ணன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கறுப்புத் திரையில் ஒரு ஃபிளாஞ்ச். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் ஆறு துளைகள். அந்தத் துளைகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன்!

அண்ணன் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1986-லேயே தனக்குள் ஒரு லிஸ்ப் நிரல்மொழியைக் குடிவைத்துக்கொண்டது. பெயர் ஆட்டோலிஸ்ப். அண்ணன் ஒரு துளையைத் தொட்டு 'என்ட்கெட்' என்று கேட்டார். கீழே ஒரு பட்டியல் விரிந்தது! 8-க்கு எதிரே லேயரின் பெயர், 10-க்கு எதிரே மையப்புள்ளி, 40-க்கு எதிரே ஆரம். கண்ணுக்கு வட்டம், உள்ளே இவ்வளவு எழுத்து.

ஆரம் 5, அதை 6 ஆக்க வேண்டும். பட்டியலுக்குள் கையை விட்டு 5-ஐ அழிக்க ஆட்டோலிஸ்ப் விடவே விடாது. 'சப்ஸ்ட்' புதிதாக ஒரு பட்டியல் கட்டித் தருகிறது, 'என்ட்மாட்' அதை வரைபடத்திடம் சேர்க்கிறது. திரையில் துளை சட்டென்று பெரிதாகிறது. பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன், அங்கே அதே 5!

அண்ணன்மார்களான மற்ற லிஸ்ப்களிடம் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. காமன் லிஸ்பில் பட்டியல் என்பது இரட்டை அறைப் பெட்டிகளின் சங்கிலி. ஓர் அறையில் சரக்கு, இன்னொன்றில் அடுத்த பெட்டியின் முகவரி. 'காப்பி-லிஸ்ட்' மேல்சங்கிலியை மட்டும் நகலெடுக்கும். உள்ளே இன்னொரு பட்டியல் இருந்தால் அதன் முகவரியை மட்டும் எழுதிக்கொள்ளும். நகலில் அந்த உள்பட்டியலைத் திருத்துங்கள், மூலத்திலும் மாறியிருக்கும்! அடிவரை தனித்தனியாக வேண்டுமென்றால் 'காப்பி-ட்ரீ'. வெறுமனே இன்னொரு பெயர் சூட்டினால் நகலே பிறக்காது. இந்த ஊருக்குப் பெயர் தந்தவரையே பாருங்களேன்: 1876-இல் பிறந்த வேதாசலம், தனித்தமிழில் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. பெயர் இரண்டு, ஆள் ஒருவர்.

"ஒரே பொருளைப் பல இடத்துல பகிர்றதை நாங்க வேணும்னே செய்வோம் சார்" என்று அண்ணன் ஒரு போல்ட்டை பிளாக் ஆக்கினார். துளைக்கொன்றாக ஆறு இடத்தில் வைத்தார். ஒவ்வொன்றிலும் பிளாக்கின் பெயர், நிற்கும் இடம், திரும்பியிருக்கும் கோணம் போன்ற சில குறிப்புகள்தான். போல்ட்டின் கோடுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த மூல போல்ட்டின் தலையை அறுகோணத்திலிருந்து வட்டமாக்கிச் சேமித்தார்.

ஆறு தலைகளும் ஒரே நேரத்தில் வட்டமாகின. "இன்னொரு தடவை செய்யுங்கண்ணா!" என்றேன்.