செம்பின் வாய் வட்டமா?

படம் வரை என்றால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் என்ன வரைவோம்? இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓர் ஓலைக் குடிசை, அதை ஒட்டி ஒரு தென்னை மரம், வானத்தில் பறவைகள் என்ற பெயரில் நாலைந்து டிக் மார்க்குகள். நான் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் ஜில்லாவில். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான். மலை என்று ஒன்றை நேரில் பார்த்தது பதினாறாவது வயதில், பழனிக்குப் போனபோது. அதற்குள் குறைந்தது நூறு மலை வரைந்திருப்பேன்! எங்கள் டிராயிங் வாத்தியாரும் ஒரு நாளாவது, "எந்த மலையடா இது?" என்று கேட்டதில்லை.

அறுபது வயதுக்கு மேல் என்னைப் பென்சில் பிடிக்க வைத்தது என் பேத்தியின் பரீட்சை. மகாராஷ்டிரத்தில் குழந்தைகளை வளர்த்தவர்களுக்கு எலிமென்டரி, இன்டர்மீடியட் என்ற இரண்டு சித்திரத் தேர்வுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாநில அரசின் கலை இயக்ககம் நடத்துபவை. பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், ஜியோமெட்ரியும் எழுத்துருவும் என்று தனித்தனித் தாள்கள். பேத்திக்குத் தகராறு முதல் தாளில்தான். ஔந்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு வெங்காயம், ஒரு மடித்த துணி ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். செம்பு செம்பாக வரவில்லை.

பரிஹார் சௌக் பக்கம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மராத்தி டீச்சரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் குழந்தையின் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார்: "நீட் பக." ஒழுங்காய்ப் பார்! பிறகு என்னைப் பார்த்து, "ஆஜோபா, நீங்களும் உட்காருங்களேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். கூச்சமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

செம்பின் வாய் வட்டம். இது நமக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் வம்பு. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது அது வட்டமாகத் தெரிவதில்லை, நீள்வட்டமாகத்தான் தெரிகிறது. கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தால் வெறும் கோடு. கீழே இறக்க இறக்க வாய் திறந்துகொண்டே போகும். செம்பின் அடிப்பக்கம் வாயைவிடக் கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். நாமோ மேஜை தட்டையாயிற்றே என்று அடியில் நேர்கோடு போட்டுவிடுகிறோம். வாய் நமக்குத் தெரிந்த வட்டம், அடி நமக்குத் தெரிந்த தட்டை. கண்ணை எங்கேயும் கேட்கவில்லை!

அடுத்த வாரம் டீச்சர் கொடுத்த பயிற்சி வேடிக்கையானது. இடது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே அந்தக் கையை வரைய வேண்டும். ஓர் எறும்பு கையின் ஓரமாக ஊர்ந்து போவதாக நினைத்துக்கொண்டு கண் அந்த எறும்போடு போக வேண்டும். கண் போகும் வேகத்திலேயே பென்சிலும் போக வேண்டும். எனக்கு வந்தது கையல்ல, மிதிபட்ட இஞ்சி. பேத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அந்த இஞ்சியில் கட்டைவிரல் மடிப்பு மட்டும் அச்சு அசல் என்னுடையது. நியூயார்க்கில் சித்திரம் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் என்பவரின் பாடங்களில் இது முதன்மையானது. அவர் புத்தகம் அவர் இறந்த பிறகு 1941இல் வெளிவந்தது.

படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு காப்பி பண்ணுவது இன்னொன்று. இதைப் பிரபலப்படுத்தியவர் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை, 1979இல் வந்த தம் புத்தகத்தில். மூளையின் வலப்பாதி, இடப்பாதி என்று அவர் சொன்ன விளக்கத்தை இன்றைய விஞ்ஞானிகள் அப்படியே ஏற்பதில்லை. அது கிடக்கட்டும், பயிற்சி பலிக்கிறது! தலைகீழாக இருக்கும்போது மூக்கை மூக்கு என்று அடையாளம் தெரிவதில்லை. வெறும் கோடும் வளைவுமாகத் தெரிவதால், இருக்கிறபடி வரைந்துவிடுகிறோம். நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரியும் சுவரை மட்டும் வரைவதும் இதே தந்திரம்தான். வாசகர்கள் யாராவது முயன்று பார்க்க விரும்பினால் ஒரு டூ-பி பென்சிலும் பழைய நோட்டுப் புத்தகமும் போதும்.

இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு. ஔந்த் என்றதும் ஓவியம் தெரிந்தவர்கள் நினைப்பது நம் ஔந்தை அல்ல, சாதாரா ஜில்லாவில் இருக்கும் ஔந்தை. அந்தச் சமஸ்தானத்தை ஆண்ட பாலாசாகேப் பந்த் பிரதிநிதி தாமே ஓவியர். சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பியவரும் அவரே. 1938இல் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் மூல ஓவியங்களோடு ஹென்றி மூரின் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. பூனாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

என் கதைக்கு வருகிறேன். செம்பு, நாற்காலி எல்லாம் ஓரளவு பிடிபட்டதும் ஆளை வரையும் ஆசை வந்தது. வீட்டில் அசையாமல் உட்காரக் கூடியவர் ஒருவர்தான், எண்பத்து நாலு வயதான என் தாயார். பால்கனி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூத் தொடுப்பார். "என்னை ஏண்டா வரையறே, போய் சுவாமி படம் வரை" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, நெற்றி எத்தனை, மூக்கு எத்தனை என்று அளந்தேன். கண் தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் நட்ட நடுவில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாமெல்லோரும் அதை நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறோம்.

வலது கண்ணின் பாப்பாவைக் கறுப்பாக நிரப்பினேன். இடது கண்ணையும் அதே போல நிரப்பப் போனவன், டீச்சரின் "நீட் பக" ஞாபகம் வர, நிமிர்ந்து பார்த்தேன். அங்கே கறுப்பு இல்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. ஜன்னல் வெளிச்சம் படுகிறதோ என்று அம்மாவை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். அப்போதும் வெளுப்புத்தான்.

"அம்மா, இந்தக் கண்ணாலே என்ன தெரியறது?"

சற்று நேரம் பேசாமல் பூவைத் தொடுத்தார். "வெளிச்சம் தெரியறது. போறாதா?"

எத்தனை நாளாய் என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தாம்! மருமகளுக்குச் சிரமம், ஆஸ்பத்திரிச் செலவு, இந்த வயதில் இனிமேல் என்ன என்று வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தில் சில மாதமாகவே வரிசை கோணிக்கொண்டிருந்தது. வயசாச்சு, கை நடுங்குகிறது என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி விட்டோம். தினமும் மூன்று வேளை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அந்த முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லை.

கண் டாக்டர் முற்றின புரை என்றார். மற்றக் கண்ணிலும் ஆரம்பம். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) கண் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்து, நோய்க் குறிப்புகளோடு அவர்கள் கண்ணை உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வர்ணத்தில் வரைய வைத்தார். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. காமிரா இல்லாத காலம். எதிரில் இருந்த கண்ணில் என்ன இருந்ததோ, அதை அந்த ஓவியர் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஊர்க்காரனான எனக்கு அது உறைக்க அறுபது வயது ஆயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழுதாக இருபது நிமிஷம் கூட இல்லை. பேத்தி எலிமென்டரியில் 'பி' கிரேடு வாங்கினாள், செம்பு தப்பித்தது. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழிந்து அம்மா என் நோட்டைக் கேட்டு வாங்கினார். பாதியில் நின்ற தன் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"காதை இவ்வளவு மேலே தூக்கி வெச்சிருக்கியே, எனக்கென்ன முயல் காதா?"

பென்சிலை நீட்டி அளந்தேன். அவர் சொன்னது சரி. புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே இருக்க வேண்டியது, ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்குப் போய்விட்டார்.