பச்சை டிக்கும் சித்தியோட நோட்டும்

எங்க சித்தி ஆம்பூர் பக்கத்துல வீட்டிலிருந்தே ஷூவுக்கு அப்பர் தைக்கிறாங்க. அப்பர்னா ஷூவோட மேல்பாகம். கான்ட்ராக்டர் கட்டு கட்டா கொண்டுவந்து கொடுப்பார். தெச்சு முடிச்சதும் வாங்கிட்டுப் போவார். ஜோடிக்கு இவ்வளவுன்னு கணக்கு, சனிக்கிழமை சம்பளம். அந்த ஏரியாவுல நிறைய பெண்கள் இப்படித்தான் வேலை செய்றாங்க.

போன செமஸ்டர்ல அந்தக் கணக்கைப் போடுற ஒரு சின்ன ஆப்பை எங்க டீம் மினி ப்ராஜெக்ட்டா பண்ணோம். நாலு பேர் டீம், மூணு வாரம் டைம். கோட்ல பாதிக்கு மேல ஏஐ ஏஜெண்ட்தான் எழுதுச்சு. ஒரு டெஸ்ட் மட்டும் ஃபெயில் ஆகிட்டே இருந்தது. ராத்திரி 1 மணிக்கு, "ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை சரி பண்ணு"ன்னு டைப் பண்ணிட்டு நான் தூங்கப் போயிட்டேன். காலையில பார்த்தா எல்லாமே பச்சை டிக். மெர்ஜ் பண்ணேன்.

அடுத்த சனிக்கிழமை சித்தி போன் பண்ணாங்க. "டேய், நான் 60 ஜோடி கொடுத்தேன். உங்க ஆப்புல 48ன்னு காட்டுதே, மீதி 12 எங்கடா?"

நடந்தது இதுதான். 60 ஜோடியில 12 ரிஜெக்ட் ஆகி திரும்ப வந்திருக்கு. சித்தி அதைப் பிரிச்சுத் தெச்சு, அதே வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க. எங்க கோட் ரிஜெக்ட் ஆனதைக் கழிச்சுது, திரும்பி வந்ததைக் கூட்டலை. டெஸ்ட் இந்தத் தப்பை சரியாத்தான் பிடிச்சிருக்கு: வர வேண்டியது 60, வந்தது 48. ஏஜெண்ட் கோடைத் தொடவே இல்ல. டெஸ்ட்ல இருந்த 60ஐ 48ஆ மாத்திடுச்சு. நான் கேட்டதும் அதானே? "டெஸ்ட்டை சரி பண்ணு."

அந்த 12 ஜோடிக்கான காசு ஒரு வாரம் லேட்டா சித்தி கைக்கு வந்தது. அதுவும் அவங்க தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்ததாலதான் வந்தது. கோடிங் ஏஜெண்ட்டை எப்படி டிசைன் பண்ணணும்னு நான் உட்கார்ந்து படிச்சது அதுக்கு அப்புறம்தான். படிச்சதை இங்க சொல்றேன்.

சாட்பாட்டுக்கும் ஏஜெண்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

சாட்பாட் பதில் சொல்லும், அதோட அதோட வேலை முடிஞ்சது. ஏஜெண்ட் வேலை செய்யும். ஃபைலைத் திறக்கும், மாத்தும், டெஸ்ட்டை ஓட்டும், வந்த ரிசல்ட்டைப் பார்த்து அடுத்த அடி எடுத்து வைக்கும். யோசி, செய், பார், மறுபடி யோசி: இந்தச் சுற்றுதான் ஏஜெண்ட். 2022ல வந்த ரியாக்ட் ஆய்வுக் கட்டுரைதான் இந்த முறையைப் பிரபலமாக்குச்சு. வெப் டெவலப்மென்ட்ல நாம படிக்கிற ரியாக்ட் வேற, இது வேற.

அந்தக் கட்டுரையை எழுதினவங்கள்ல ஒருத்தர் கார்த்திக் நரசிம்மன். சென்னை ஐஐடியில பி.டெக் படிச்சவர், இப்போ அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் குழு 2023ல ஸ்வீ-பெஞ்ச்னு ஒரு தேர்வை உருவாக்குச்சு. 12 பைத்தான் ப்ராஜெக்ட்கள்ல உண்மையிலேயே வந்த 2,294 பிரச்சனைகளை எடுத்து, "இதைத் தீர்த்துக் காட்டு"ன்னு மாடல்களுக்குக் கொடுத்தாங்க. அன்னிக்கு முதலிடம் வந்த கிளாட் 2 எடுத்த மார்க் 1.96 சதவீதம். நூத்துக்கு ரெண்டு கூட தேறலை.

2024ல அதே குழு ஸ்வீ-ஏஜெண்ட்டை வெளியிட்டுது. அது ஜிபிடி-4 டர்போ மாடலை வெச்சு 12 சதவீதத்துக்கு மேல எடுத்தது. இவங்க புது மாடல் எதையும் ட்ரெயின் பண்ணலை. மாடல் கையில என்ன கருவி கொடுக்கணும்னுதான் யோசிச்சாங்க.

அதைச் சோதிச்சும் பார்த்தாங்க. 300 பிரச்சனைகள் மட்டும் இருக்கிற சின்ன தேர்வுல, சாதாரண லினக்ஸ் டெர்மினலை மட்டும் கொடுத்தா அதே மாடல் 11 சதவீதம் எடுத்தது. ஏஜெண்ட்டுக்குன்னே டிசைன் பண்ண கருவிகளைக் கொடுத்தா 18. அந்தக் கருவிகள் எல்லாம் ரொம்ப சாதாரணமானவை. ஒரு ஃபைலை ஒரு தடவைக்கு 100 வரி மட்டும் காட்டணும். முழு ஃபைலையும் காட்டினா மார்க் 12.7க்கு இறங்குச்சு, 30 வரி மட்டும் காட்டினா 14.3. இன்னொண்ணு, ஏஜெண்ட் பண்ற மாற்றத்துல சின்டாக்ஸ் எரர் இருந்தா அதை ஏத்துக்காம, "தப்பு இது, மறுபடி பண்ணு"ன்னு உடனே திருப்பி அனுப்பணும். இதை எடுத்துட்டா மார்க் 15 ஆயிடுச்சு.

அதாவது ஏஜெண்ட் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம், தப்பு பண்ணா யார் நிறுத்துவாங்க: இந்த மூணும்தான் டிசைன்.

பட்டம் கொடுத்தா நிபுணர் ஆயிடுமா?

நாங்க முதல்ல பண்ணதும் எல்லாரும் பண்றதுதான். "நீ 10 வருஷ அனுபவம் உள்ள சீனியர் டெவலப்பர்", "நீ ஒரு கறாரான டெஸ்டர்"னு ப்ராம்ப்ட் எழுதினோம். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோல்டர், ஒரே பர்மிஷன். பேர்தான் வேற.

ஷூ ஃபேக்டரியில அப்படி நடக்காது. கட்டிங்ல இருக்கிறவர் தோல்ல எங்க தழும்பு, எங்க ஓட்டைன்னு பார்த்து, அதை ஒதுக்கி வெட்டுவார். ஸ்கைவிங்ல ஓரத்தை மெலிசாக்குவாங்க. அப்புறம் தையல், அப்புறம் அச்சுல ஏத்துற லாஸ்டிங், கடைசியில செக்கிங். ஒவ்வொருத்தர் மேசையிலயும் வேற வேற மெஷின், வேற வேற கருவி. முக்கியமா, தைக்கிறவங்களே தங்களோட ஜோடியை பாஸ் பண்ண முடியாது. செக்கர் கையில இருக்கிற மாதிரி ஜோடியை மாத்தி வைக்கவும் முடியாது. எங்க ஏஜெண்ட் பண்ணது அதைத்தான்.

அதனால இப்படிப் பிரிச்சோம்:

முதல் ஏஜெண்ட் படிக்கும், எழுதாது. பிரச்சனை எந்த ஃபைல்ல இருக்குன்னு கண்டுபிடிச்சு ஒரு சின்ன குறிப்பு கொடுக்கும். அதுக்கு எல்லா ஃபோல்டரும் ரீட்-ஒன்லி.

இரண்டாவது, கோட் எழுதும். அதுக்கு சோர்ஸ் ஃபோல்டர் மட்டும்தான் திறந்திருக்கும். டெஸ்ட் ஃபோல்டரை டாக்கர்ல ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணிட்டோம். "டெஸ்ட்டை மாத்தாதே"ன்னு ப்ராம்ப்ட்ல கெஞ்சுறதை விட இது மேல். கெஞ்சினா சில சமயம் கேட்கும். பூட்டுனா எப்பவும் கேட்கும்.

மூணாவது, டெஸ்ட் எழுதும். அதுக்கு கோடைக் காட்டவே மாட்டோம், தேவை என்னங்கிற விவரம் மட்டும் போகும். கோடைப் பார்த்து டெஸ்ட் எழுதினா, கோட்ல இருக்கிற தப்பையே சரின்னு எழுதி வெச்சிடும்.

நாலாவது, மாற்றத்தை மட்டும் பார்த்து கேள்வி கேட்கும். எழுதுற உரிமை இல்ல.

மெயின் பிராஞ்ச்சுக்கு புஷ் பண்ற உரிமை எந்த ஏஜெண்ட்டுக்கும் கிடையாது. அது எங்க நாலு பேருக்கு மட்டும்தான்.

அப்போ ஏஜெண்ட் எண்ணிக்கையைக் கூட்டிட்டே போகலாமா? கூடாது. ஒவ்வொரு ஏஜெண்ட்டும் 90 சதவீதம் சரியா பண்ணும்னு வெச்சுக்கோங்க. நாலும் வரிசையா வேலை செஞ்சா, கடைசி வரைக்கும் தப்பே இல்லாம வர்றதுக்கு வாய்ப்பு 0.9ஐ நாலு தடவை பெருக்கினா கிடைக்கிற 66 சதவீதம்தான். நடுவுல தப்பைப் பிடிக்க ஆள் இல்லன்னா, ஏஜெண்ட் கூடக் கூட தப்பும் கூடும், டோக்கன் பில்லும் கூடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நாலு ஏஜெண்ட்டுக்கும் அடியில இருக்கிறது ஒரே மாடல்னா, ஒண்ணுக்குப் புரியாதது மத்ததுக்கும் புரியாமப் போகலாம். நாலும் சேர்ந்து தலையாட்டும். அதனால உண்மை எதுங்கிறது ஏஜெண்ட்டுகளுக்கு வெளியே இருந்து வரணும். எங்களுக்கு அது சித்தியோட நோட்டுல இருந்து வந்தது. அவங்க எழுதின பழைய வாரக் கணக்குகளை நாங்களே கையால டைப் பண்ணி டெஸ்ட்டா வெச்சோம். முதல் நாளே ரெண்டு பக் சிக்குச்சு.

பொறுப்பு யாருக்கு?

கோட் எழுதினது ஏஜெண்ட். காசு லேட்டானது சித்திக்கு. தப்பு யாருது? நம்ம ஊருக்கு இது புதுக் கேள்வி இல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்குல, 1996ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: மாசுபடுத்தினவங்கதான் அதுக்கான விலையைக் கொடுக்கணும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட அந்த வழக்கு இன்னிக்கும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுது. லாபம் ஒருத்தருக்கு, நஷ்டம் ஆத்தோரம் இருக்கிறவங்களுக்குன்னு விட முடியாது. அதே மாதிரி, ஏஜெண்ட்டால மிச்சமான அந்த ராத்திரித் தூக்கம் எனக்குன்னா, அது பண்ண தப்பும் என்னோடதுதான். மெர்ஜ் பட்டனை அழுத்தினது நான்.

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மள்ல பல பேர் ஏதோ ஒரு கம்பெனியில ஏஜெண்ட் எழுதின கோடை ரிவ்யூ பண்ணிட்டு இருப்போம். பச்சை டிக்கைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேளுங்க: இந்த டெஸ்ட்டைக் கடைசியா தொட்டது யார்?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆப் இப்போ சரியா கணக்கு காட்டுது. "அப்போ நான் நோட்டுல எழுதுறதை நிறுத்திடலாமாடா?"ன்னு சித்தி கேட்டாங்க.

"வேணாம் சித்தி. எழுதிட்டே இருங்க"ன்னு சொன்னேன்.