றைன் நதியைக் கெடுத்தது ஓர் இரவு மட்டுமா?

நான் சுவிசுக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வருடம். வேலை முடியும் நேரம். இயந்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஒரு வாளியில் இருந்தது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் அதை முற்றத்து மழைத்தண்ணீர்க் கானுக்குள் ஊற்றப் போனேன். பகுதிப் பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். எனக்கு அப்போது டொச் மொழி விளங்காது. "றைன், றைன்" என்று அவர் கத்தியது மட்டும் விளங்கியது. ஒரு வாளித் தண்ணீருக்கு இந்த மனிதன் ஏன் இப்படித் துள்ளுகிறான் என்று கோபம்தான் வந்தது.

பாசலில் நெடுங்காலமாக வாழும் ஒரு அண்ணை சொன்ன கதை அந்தக் கோபத்தை ஆற்றியது. "1986 நவம்பர் 1, விடியப்புறம் சைரன் ஊதினது. ஊரிலிருந்து வந்த புதிது, இங்கேயும் சண்டை தொடங்கிட்டுதோ என்று நினைச்சம். பிறகுதான் யன்னலைப் பூட்டச் சொல்லுகினம் என்று விளங்கினது. ஊரெல்லாம் கூழ்முட்டை மணம்" என்றார்.

அன்று பாசலுக்கு அருகே சுவைட்சர்ஹாலவில் சன்டோஸ் நிறுவனத்தின் களஞ்சியம் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 1,350 தொன் இரசாயனப் பொருட்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி பூச்சிகொல்லி. தீயணைத்த தண்ணீரைத் தேக்கிவைக்கத் தொட்டி இருக்கவில்லை. நஞ்சு கலந்த தண்ணீர் நேரே ஆற்றுக்குள் ஓடியது. சாயம் கலந்து ஆறு சிவந்தது. சுமார் 400 கிலோமீற்றர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் ஏறத்தாழ 1,50,000 செத்து மிதந்தன.

ஆனால் வாசகர்களே, அந்த இரவுக்கு முன்னரே றைன் நோயாளியாகத்தான் கிடந்தது.

முதற் காரணம், ஆற்றை நேராக்கியமை. வளைந்து வளைந்து ஓடிய மேல் றைனைப் பொறியியலாளர் துல்லாவின் திட்டப்படி 1817 முதல் வெட்டி நேராக்கினார்கள். பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையில் ஆறு சுமார் 81 கிலோமீற்றர் குறுகியது. வேகம் கூடியது, அடித்தளம் அரிந்து ஆழமானது, கரையோர ஈரக் காடுகள் காய்ந்தன, கீழ்ப்பகுதிகளுக்கு வெள்ளம் விரைவாக வந்தது.

இரண்டாவது, அணைகள். 1932 இல் கெம்ப்ஸ் மின்நிலையத்தில் தொடங்கி, 1977 இல் இபெற்ஸ்ஹைம் வரை பத்து அணைகள் எழுந்தன. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சல்மன் மீனுக்கு வழி அடைபட்டது. ஒருகாலத்தில் இலட்சக்கணக்கில் பிடிபட்ட சல்மன் 1950 களில் அற்றுப்போனது.

மூன்றாவது, நாளாந்தக் கழிவு. நகரங்களின் மலசலம், ஆலைகளின் பாதரசம், காட்மியம், வயல்களின் உரம், அல்சாஸ் பொட்டாசுச் சுரங்கங்களின் உப்பு, எல்லாம் ஒரே ஆற்றில். உப்புத் தண்ணீரால் கீழே நெதர்லாந்துத் தோட்டக்காரர் பாதிக்கப்பட்டனர். மேலே இருப்பவன் கொட்டுவதைக் கீழே இருப்பவன் குடிக்கிறான். இந்த வடிநிலத்தில் ஒன்பது நாடுகள் இருக்கின்றன. சுமார் 3 கோடி மக்களின் குடிநீர் றைனை நம்பியிருக்கிறது.

றைன் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1950 இலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் பேச்சுத்தான் நீண்டது. தீ விபத்தின் பின்னர்தான் 1987 இல் றைன் செயற்றிட்டம் பிறந்தது. களஞ்சியங்களில் தேக்கத் தொட்டிகள் கட்டப்பட்டன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது. இபெற்ஸ்ஹைம் அணையில் 2000 இலும், கம்ஸ்ஹைமில் 2006 இலும் மீன்வழிகள் திறந்தன. 2008 இல் பாசலில் ஒரு சல்மன் பிடிபட்டபோது அது பெரிய செய்தியானது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமுடியாது. வெட்டிய வளைவுகளில் பெரும்பாலானவை திரும்பவில்லை. 2003 கோடை வெப்பத்தில் ஸ்ரைன் அம் றைன் பகுதியில் எஷ என்ற குளிர்நீர் மீன்கள் கூட்டமாகச் செத்தன. 2018 இலும் அதுவே நடந்தது. நாம் விழுங்கும் மருந்துகளின் எச்சமும் சுத்திகரிப்பைத் தாண்டி ஆற்றில் சேர்கிறது.

இதில் எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஆலைகளிலும் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் நிற்பவர்கள் எம்மவர்கள்தானே. வாளி எமது கையில்தான் இருக்கிறது. எந்தக் கழிவு எந்தப் பீப்பாவுக்கு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பழைய மருந்துகளை மலகூடத்தில் கொட்டாமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

கோடையில் என் மகன் றைனில் நீந்துகிறான். எங்கள் பகுதியில் புதிதாகச் சேரும் பொடியன்களுக்கு அந்த முற்றத்துக் கானை முதல் நாளே காட்டி, அது எங்கே போகிறதென்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.